சுவர் ஓரத்துக் கெட்டிக்காரர்கள்

சிட்டு அத்தையோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகிவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தாலாவது தேவலை. கேட்டதற்குத் தலையாட்டினாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை வீட்டுக்குள் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டால் யாருக்குத்தான் சாப்பாடு தொண்டையில் இறங்கும்?

போன வாரம் நடந்ததை நினைத்தால் அத்தைக்கே தன் நாக்கின்மேல் கோபம் வந்தது.

அவள் ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில்தான் சிட்டுவும் படிக்கிறாள். வகுப்பறைக்குள் கம்ப்யூட்டர் வழிப் பாடம் கொண்டுவரும் யோசனை அடி முதல் நுனி வரை அத்தையுடையது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு 'ப்ளான் டீச்சர்' என்று பெயர் வைத்து, முதலில் முதுகுக்குப் பின்னாலும் பிறகு முகத்துக்கு நேராகவும் கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பில் மட்டும் டேப்லெட் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது, பிள்ளைகள் போடும் பதில்களை வைத்து வகுப்பை முன்னேற்றப் பிரிவு, பயிற்சிப் பிரிவு என்று சரிபாதியாகப் பிரிப்பது, பயிற்சிப் பிரிவுக்குச் சாயங்காலம் கூடுதல் பாடம் நடத்துவது. இதுதான் திட்டம். முடிவு வந்தபோது சிட்டு பயிற்சிப் பிரிவில் இருந்தாள், அதுவும் அடிமட்டத்தில். பருவம் தொடங்கியதிலிருந்து உருப்படியாக ஒரு பாடம்கூட முடிக்கவில்லை என்றது திரை.

"நான் எல்லாத்தையும் போட்டேன் அத்தை" என்றாள் சிட்டு. அதோடு சரி. மேற்கொண்டு துருவிக் கேட்டதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று அத்தையின் தம்பி, சிட்டுவின் அப்பா, இழுத்தான்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடா. பிள்ளைங்கதான் சொல்லும்."

தம்பிக்கு அது போதும். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவன் அவன், ஆனால் அக்கா எதைக் காட்டுகிறாளோ அதைத்தான் பார்ப்பான். அன்றைக்கே மகளை வாலிபால் டீமிலிருந்து நிறுத்திவிட்டான்.

இன்று காலை தம்பி மனைவி நர்ஸ் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"அண்ணி, கோபப்படாம கேளுங்க. கூடுதல் கிளாஸுக்கு அவ ஒழுங்கா போகட்டும். ஆனா அந்த வாலிபால மட்டும்... நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவரு கேப்பாரு. தூக்கத்துல கூட பந்து அடிக்கிற பிள்ளை அது."

"இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்மா. காலையில கமிட்டி வர்றாங்க, மத்தியானம் பெத்தவங்க கூட்டம். முடிஞ்சதும் நானே அவன்கிட்ட பேசறேன்."

தம்பி மனைவி அதற்கே முகம் மலர்ந்து போனாள். இதற்கு அவள் திட்டியே இருக்கலாமே என்று இருந்தது அத்தைக்கு.

பள்ளிக்கூடத்தில் அன்று தூசி இருந்த இடம்கூடப் பளபளத்தது. டேப்லெட் திட்டத்தைப் பார்க்க வந்த கமிட்டியார் நாலைந்து பேர் ஆறாம் வகுப்பின் பின்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இவர்கள் தலையாட்டினால் அடுத்த வருஷம் எல்லா வகுப்புக்கும் டேப்லெட் வரும், திட்டத்துக்கு முழுப் பொறுப்பும் அத்தைக்கு வரும். அவள் நடுப்பாதையில் நின்று வகுப்பைப் பார்த்தாள்.

உள்ளதைச் சொன்னால், இந்த வகுப்பைப் பாடம் நடக்கும்போது அவள் பார்ப்பதே இப்போதுதான். ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபடியே எந்தப் பிள்ளைக்கு எத்தனை நட்சத்திரம் விழுகிறது என்று திரையில் பார்த்துவிட முடியும்போது, மாடிப்படி ஏறுவானேன் என்று இருந்துவிட்டாள்.

இரண்டு சுவர்களை ஒட்டியும் பெஞ்சு வரிசை, நடுவில் நடக்க வழி. டேப்லெட்டுகள் கேட்டதில் பாதிதான் வந்திருந்தன. அதனால் பெஞ்சில் இரண்டு பேருக்கு ஒன்று. வந்தவையும் யாரோ வைத்திருந்து கொடுத்தவை, பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். எல்லாவற்றிலும் சார்ஜர் ஒயர் சொருகியிருந்தது. பிளக் பாயிண்ட் சுவரில் இருந்தது, ஒயரோ குட்டை.

சிட்டுவின் பெஞ்சருகே அத்தை நின்றாள். சுவர்ப் பக்கம் சிட்டுவின் உயிர்த்தோழி உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே உயரம், அதனால் எல்லோருக்கும் அவள் நெட்டை. டேப்லெட் நெட்டையின் முன்னால் இருந்தது. பின்னக் கணக்கு ஒன்று வந்தது. சிட்டு எட்டிப் பார்த்து வாய்க்குள் படித்தாள். ரஃப் பேப்பரில் மளமளவென்று போட்டு விடைக்குக் கீழே கோடிழுத்தாள், பேப்பரைப் பக்கத்தில் தள்ளினாள். நெட்டை அதைப் பார்த்துத் திரையைத் தொட்டாள். நட்சத்திரம் ஒன்று பளிச்சென்று வந்து விழுந்தது.

திரையின் மேலே இருந்தது நெட்டையின் பெயர்.

அடுத்த கணக்கும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"நீ ஏன் தொட மாட்டேங்கிற?" என்று அத்தை குனிந்து கேட்டாள்.

சிட்டு பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் நெட்டையிடமிருந்து வந்தது. "ஒயர் அவ பக்கம் எட்டாது மிஸ். இழுத்தா ஆஃப் ஆயிடும்."

"ஒரு நாள் உன் பேர், ஒரு நாள் அவ பேர்னு மாத்திப் போடணுமே?"

நெட்டையின் முகம் சட்டென்று வாடியது. "சார் வேணாம்னுட்டாரு மிஸ்."

அத்தை திரும்பிக் கணக்கு சாரைப் பார்த்தாள். அவர் கமிட்டிக்காகப் போட்டிருந்த புன்னகையைக் கலைக்காமல் அருகில் வந்து கிசுகிசுத்தார். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? பேர் மாத்துறதுக்குள்ள பாதி பீரியட் போயிடுது, பெஞ்சுக்கு ஒரே பேர்ல ஓட்டுங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம்னு."

சொன்னாள். பருவத் தொடக்கத்தில், வராண்டாவில், காதில் போனை வைத்துக்கொண்டே, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அப்புறம் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்பதே நினைவில்லை.

அவள் மெல்ல நிமிர்ந்து வகுப்பை முன்னிருந்து பின்னாகப் பார்த்தாள். முன்னேற்றப் பிரிவுப் பிள்ளைகளின் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொருவராகத் தேடினாள். எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள், இந்தப் பக்கச் சுவரிலும் அந்தப் பக்கச் சுவரிலும். நடைபாதையோரம் இருந்த அத்தனை பேரும் பயிற்சிப் பிரிவு. வகுப்பைப் பாதியாகப் பிரிக்கத்தான் திட்டம், பாதி கீழே வந்தது. யாருக்கு எதற்குச் சந்தேகம் வரும்? ஒரு பருவம் முழுக்க உழைத்து, ஒயர் எட்டியவன் கெட்டிக்காரன், எட்டாதவன் மக்கு என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

பின்னால் கமிட்டித் தலைவர், "பிரமாதம் டீச்சர்" என்றார்.

தலைமையாசிரியை அறையில் அத்தை உட்காரவில்லை. அடுத்த அறையில் கமிட்டியார் டீ குடிக்கும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார், பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யாரு என்ன போட்டாங்கன்னு இப்ப பிரிச்சுப் பாக்க முடியுமா?"

"முடியாது மேடம். எல்லாம் கலந்து கிடக்கு. திரும்ப முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

"அப்ப இன்னிக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? 'இவங்களுக்கு மெஷின் வச்சு ஒரு வகுப்பைப் பாத்துக்கத் தெரியல'ன்னு கமிட்டி எழுந்து போயிடும். மத்த பிள்ளைங்களுக்கு வர்றதும் வராது. கூட்டம் முடியட்டும். அடுத்த மாசம் இன்னொரு டெஸ்ட் வச்சு, சத்தமில்லாம சரிபண்ணிடலாம். கூடுதல் கிளாஸ்ல உக்காந்தா பிள்ளைங்க என்ன தேஞ்சா போயிடும்?"

கெட்ட மனுஷி இல்லை அவர். சொன்னதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் அத்தையால் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆசிரியர் அறை காலியாக இருந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு பிரிவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. அடியில் சிட்டுவின் பெயர். ஒரு வாரமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை. காலையில் தம்பி மனைவி கெஞ்சிய கெஞ்சல். எது சரி எது தப்பு என்று மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கை போய்விட்டது. பெயரைப் பிடித்து ஒரே இழுப்பு. சிட்டு முன்னேற்றப் பிரிவுக்குப் போய்விட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அது அவளுக்குச் சேர வேண்டிய இடம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மற்ற பெயர்களின் பக்கம் பார்க்காமல் திரையை மூடினாள்.

மத்தியானம் கூட்ட அரங்கு நிரம்பிவிட்டது. தம்பி கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்திருந்தான், லென்ஸ் துடைக்கும் துணி இன்னும் தோளில் கிடந்தது. தலைமையாசிரியை முன்னேற்றப் பிரிவைத் திரையில் போட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். முதல் பெயர் நெட்டை. கைதட்டல் அரங்கையே தூக்கியது. நெட்டையின் அம்மா எழுந்து நின்றே தட்டினாள், தட்டிக்கொண்டே அழுதாள். "எம் பொண்ணு பேரு மேல வர்றது இதான் முதல் தடவை" என்று முன்னும் பின்னும் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நெட்டை மட்டும் தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். வெட்கம் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அத்தையும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

கடைசிப் பெயராக சிட்டு வந்தாள்.

தம்பிக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா 'சரிதான்' என்பதுபோலத் தலையசைத்தாள். அவ்வளவுதான், மகளை இழுத்துச் சேர்த்தணைத்துக்கொண்டான்.

"அப்பா தப்பு பண்ணிட்டேன்டி தங்கம். அத்தை சரிபார்த்துட்டாங்க பாரு. நாளைக்கே வாலிபாலுக்குப் போறே."

பத்துப் பேர் நடுவில் பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவன். கேட்டான். சிட்டுவோ அப்பாவின் தோளுக்கு மேலாக அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அத்தைக்குப் பிடிபடவில்லை. நன்றி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கமிட்டித் தலைவர் பேச எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஓரமாக நடந்து அத்தையிடம் வந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், அவளுடைய மகள் நடைபாதையோரத்துப் பிள்ளைகளில் ஒருத்தி.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான். போன வாரம் நீங்க போன் பண்ணிச் சொன்னீங்களே, அதுக்கப்புறம்தான் எங்களுக்கே உறைச்சுது. இவ்வளவு நாள் பிள்ளை நல்லாப் படிக்குதுன்னே நெனச்சுட்டிருந்தோம்."

"அது வந்து..."

"ரெண்டு முயல் வளர்த்துக்கிட்டிருந்தா டீச்சர். அதுங்க பின்னாடியே சுத்தறதாலதான் மூளை மழுங்கிப்போச்சுன்னு நேத்து எடுத்துக் குடுத்துட்டோம். ராத்திரி பூரா அழுதா. அழட்டும், படிப்புக்கு முன்னாடி முயலா பெருசு? நீங்க மட்டும் சொல்லலைன்னா நாங்க இப்படியே ஏமாந்திருப்போம்." அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு ரொம்பப் புண்ணியம்."

திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். இதைத் தாங்க அத்தையால் முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தாள். தலைவர் வாக்கியத்தை முடிக்கட்டும் என்றுகூட நிற்கவில்லை. தலைமையாசிரியை கண்ணாலேயே வேண்டாம் என்றார். மைக் அதற்குள் அத்தையின் கையில் இருந்தது.

"ஒரு நிமிஷம். இப்ப வாசிச்சது தப்பு. பிள்ளைங்க தப்பு இல்ல, என் தப்பு."

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஒரு டேப்லெட்டுக்கு ஒரு பெயர்தான் இருந்தது, அது சுவரோரம் உட்கார்ந்த பிள்ளையின் பெயர். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து போட்டது ஒருத்தர் கணக்கில் விழுந்தது. பக்கத்துப் பிள்ளையின் கணக்கு காலியாகவே இருந்தது. யாரும் மக்கு இல்லை, யாரும் சோம்பேறி இல்லை. ஒயர்தான் எட்டவில்லை.

யாரோ ஒரு அப்பா பகபகவென்று சிரித்துவிட்டார். அடுத்த நிமிஷம் அரங்கு முழுக்க ஒரே கேள்வி. "நீ எந்தப் பக்கம்டி உக்கார்ற?" "சுவத்துப் பக்கமா, நடுப் பக்கமா?" "வாயைத் திறந்து சொல்லேண்டா!" துணிக்கடைப் பெண் நின்ற இடத்திலேயே கன்னத்தில் கைவைத்து நின்றாள். கமிட்டித் தலைவர் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்தார். "நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க" என்று தலைமையாசிரியை பல்லிடுக்கில் சொன்னது அத்தைக்கு மட்டும் கேட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது. நெட்டையின் அம்மா.

"அப்ப எம் பொண்ணு வாங்கினது அவளுது இல்லையா? எல்லாரையும் எழுந்து கைதட்ட வச்சுட்டு, இப்ப திருடின்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா..."

"வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அத்தை மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். படியின் கீழே தம்பி நின்றிருந்தான், பக்கத்தில் சிட்டு. அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்க்கா. எம் பொண்ணும் நடுப் பக்கம்தான் உக்கார்றா. அவ பேரு மட்டும் எப்படி மேல போச்சு?"

"நான்தான் மாத்தினேன்."

"எப்ப?"

"கூட்டத்துக்கு முன்னாடி."

"அப்ப அந்தம்மா வந்து உன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்களே, அப்பவே எல்லாம் தெரியும் உனக்கு." அவன் கேள்வியாகக் கேட்கவில்லை. "நான் எம் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கறதையும் பாத்துட்டு, தலையாட்டிட்டு நின்ன."

தம்பி இதுவரை அக்காவை இப்படிப் பார்த்ததில்லை. அவள் சிட்டுவின் பக்கம் திரும்பினாள். இந்தப் பிள்ளைக்காவது ஒன்றைச் சரிசெய்துவிட்டோம் என்பதுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த ஆறுதல்.

"இனிமே உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சிட்டு. நீ போட்டதெல்லாம் நீ போட்டதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

சிட்டுவின் கண் நிறைந்திருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அத்தையிடம் வாய் திறந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தை, எல்லாம் அவ பேர்ல விழுதுன்னு. அவளுக்குக் கணக்கு சுத்தமா வராது. வீட்டுல அடிப்பாங்க. போன வாரம் முடிவு வந்தப்பதான் முதல் தடவையா அவங்க அம்மா அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களாம். அதான் நான் சொல்லல. அப்பா வாலிபால நிறுத்தினப்பகூட நான் சொல்லல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க ஏன் அத்தை மைக்குல சொன்னீங்க?"

காலையில் வகுப்பில் நெட்டையின் முகம் வாடியதைப் பார்த்தவள்தான் அத்தை. அதன்பின் சிட்டுவை நினைத்தாள், கமிட்டியை நினைத்தாள், முயல் வளர்த்த பிள்ளையைக்கூட நினைத்தாள். நெட்டையை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அரங்கின் நடுவிலிருந்து நெட்டையின் அம்மாவின் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை அதில் கோபம் இல்லை.

"இங்கதானே உக்காந்திருந்தா? யாராவது பாத்தீங்களா? எம் பொண்ணு எங்க?"

நாற்காலி காலியாக இருந்தது. யாரும் பார்த்திருக்கவில்லை, எல்லோரும் அவரவர் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்டு அப்பாவின் கையை உதறிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாள். அத்தை பின்னாலேயே இரண்டடி வைத்தாள்.

"நீ வேணாம்க்கா" என்றான் தம்பி. "நீ வந்தா அவ ஒளிஞ்சுக்குவா."

அவன் ஓடினான். அத்தை அங்கேயே நின்றாள்.